மொந்தன் வாழைக்கு இலைப் பசளை மட்டும் போதுமா?

களுவாஞ்சிக்குடியிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மணற்பாங்கான வளவில் 40 மொந்தன் வாழைகள் வைத்திருக்கிறேன். இரசாயனப் பசளை இடுவதில்லை; வேலியிலுள்ள சீமைக்கிளுவை இலையை வெட்டி அடியில் போடுகிறேன். மரங்கள் செழித்து வளர்ந்தும் குலை சிறுத்து, காய் மெலிந்து போகிறது. கீழ் இலைகள் மஞ்சளாகிக் காய்ந்து நடுநரம்பில் முறிந்து தொங்குகின்றன. இலையை இன்னும் கூடுதலாகப் போட வேண்டுமா?"

வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்கள் பொற்றாசியக் குறைபாட்டையே காட்டுகின்றன. சீமைக்கிளுவை இலை நைதரசனை நன்றாகத் தரும். மரம் செழித்து நிற்பது அதனால்தான். ஆனால் வாழைக்கு நைதரசனைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு பொற்றாசியம் தேவை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தோட்டக்கால் வாழைக்குப் பரிந்துரைக்கும் அளவில் மரமொன்றுக்கு நைதரசன் 110 கிராம், பொற்றாசியச் சத்து 330 கிராம். பச்சை இலை 10 கிலோவில் ஏறத்தாழ 70 கிராம் நைதரசன் இருக்கும். அந்தக் கணக்கில் முதலாவதை இலையாலேயே பெருமளவு நிறைவேற்றிவிடலாம். இரண்டாவதுக்கு இலை போதாது.

அந்தப் பொற்றாசியம் பெரும்பாலும் உங்கள் வளவிலேயே கிடக்கிறது. குலை வெட்டிய பின் தண்டையும் மடலையும் வேலிக்கு வெளியே வீசுகிறவர்கள், தோட்டத்தின் பொற்றாசியத்தையே வெளியேற்றுகிறார்கள் என்பதை உணர்வதில்லை. தண்டை நெடுக்காகப் பிளந்து, இரண்டு மூன்று நாட்கள் வெயிலில் உலர்த்தி, பிறகு துண்டுகளாக்கி மரத்தைச் சுற்றிப் பரப்புங்கள். பிளக்காமல் ஈரத்தோடு போட்டால் கிழங்கு வண்டு அதில் வந்து தங்கும். உச்சி இலைகள் குறுகிக் கொத்தாக நிற்கும் மரத்தையோ, பனாமா வாடல் நோய் கண்ட மரத்தையோ ஒருபோதும் பசளையாக்க வேண்டாம். அவற்றைக் கிழங்கோடு தோண்டி அகற்றி அழித்துவிடுவதே நல்லது.

அடுப்புச் சாம்பலும் தேங்காய்ப் பொச்சை எரித்த சாம்பலும் இன்னொரு நல்ல வழி. ஆனால் சாம்பலிலுள்ள பொற்றாசியம் நீரில் எளிதில் கரையும். மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரை மணலில் மாரி மழைக்கு முன் ஒரேயடியாகக் கொட்டினால் அது வேருக்குக் கீழே கழுவப்பட்டுவிடும் என்பதால், கார்த்திகை, மார்கழி அடைமழை ஓய்ந்த பின் மாதமொரு முறை மரத்துக்கு ஒரு கிலோவளவு தூவி, மேலே இலை மூடாக்கு இடுங்கள். சாம்பலை மாட்டெருவோடு கலந்து வைக்காதீர்கள். நைதரசன் அமோனியாவாகப் பறந்துவிடும். புதுக்குழி எடுப்பவர்கள் அடியில் ஒரு வரிசை பொச்சு அடுக்கினால் ஈரமும் நிற்கும். வாவியில் ஊறப்போட்ட பொச்சு மட்டும் வேண்டாம். அதில் சத்து கரைந்து போயிருக்கும், உப்பும் ஏறியிருக்கும்.

எப்போது இடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஒரு குலையில் எத்தனை சீப்பு என்பது அது வெளியே தெரிவதற்கு மாதங்கள் முன்பே தண்டுக்குள் முடிவாகிவிடும். இலைப் பசளை மக்கிய பிறகே சத்தை விடும் என்பதால், நட்ட முதல் மாதத்திலேயே தொடங்கி ஐந்தாம் மாதத்துக்குள் பெரும்பகுதியைக் கொடுத்து முடிக்க வேண்டும். குலை தள்ளிய பிறகு அவசரமாகப் போடும் இலை, காயைவிடப் பக்கக் குட்டிக்கே கூடுதலாகப் பயன்படும். வேர்கள் மேல்மண்ணிலேயே பரவியிருப்பதால் மண்வெட்டியால் கிளறாமல், தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி வளையமாகப் பரப்புங்கள். பச்சை இலையைத் தண்டோடு ஒட்டிக் குவித்தால் மக்கும்போது எழும் சூடு குருத்துக் குட்டிகளைப் பாதிக்கும்.

குலை முற்றும் மாதங்கள் கச்சான் காற்று வீசும் வறட்சிக் காலத்தோடு சேர்ந்து வந்தால், மூடாக்கை நான்கு விரல் தடிப்புக்குக் குறையாமல் வைத்திருங்கள். நீர் குறைந்த மணலில் பொற்றாசியம் இருந்தும் வேரால் எடுக்க முடியாது. தாய் மரத்தோடு ஒரு குட்டியை மட்டும் விட்டு மற்றவற்றை வெட்டிவிடுங்கள். இதற்குப் பிறகும் கீழ் இலைகள் காய்ந்தால், உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் சொல்லி மண்ணையும் கிணற்று நீரின் உப்பையும் சோதித்துப் பாருங்கள். வாவிக் கரையோர வளவுகளில் உப்பு நீரும் இலை ஓரத்தைக் கருக்கும்.