எக்ஸ் + ஒய் = 12, எக்ஸ்² − ஒய்² = 36 என்றால் எக்ஸ் − ஒய் எவ்வளவு? இதற்கு எக்ஸையும் ஒய்யையும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டுமா?

வேண்டாம். ஒய்க்குப் பதிலாக 12 − எக்ஸ் என்று போட்டு, வர்க்கத்தை விரித்து, எக்ஸ் = 7.5, ஒய் = 4.5 என்று வந்து, அப்புறம் கழித்தாலும் விடை சரிதான், ஆனால் அதற்குள் பாதிப் பக்கம் தீர்ந்திருக்கும். ஏ² − பி² = (ஏ + பி)(ஏ − பி) என்பதைப் போடுங்கள்: 36 = 12 × (எக்ஸ் − ஒய்). விடை 3, ஒரே வரி.

சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம்தான். அது கணக்கில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். 50எக்ஸ்² − 18-ஐக் காரணிகளாக, அதாவது பெருக்கலாகப் பிரிக்கச் சொன்னால் இரண்டுமே வர்க்கம் இல்லையே என்று விட்டுவிடுவார்கள், 2-ஐ வெளியே எடுத்தால் 2(25எக்ஸ்² − 9), அதாவது 2(5எக்ஸ் + 3)(5எக்ஸ் − 3). (எக்ஸ் + 5)² − 9 வந்தால் விரிக்கவே விரிக்காதீர்கள், அடைப்புக்குறி முழுவதையும் ஏ என்று வைத்தால் நேராக (எக்ஸ் + 8)(எக்ஸ் + 2).

எக்ஸ்⁴ − 16-இல் நான் பள்ளியில் மதிப்பெண் விட்டிருக்கிறேன். (எக்ஸ்² + 4)(எக்ஸ்² − 4) என்று எழுதிவிட்டு முடிந்தது என நினைத்தேன். இரண்டாவது அடைப்பு இன்னும் (எக்ஸ் + 2)(எக்ஸ் − 2) ஆகப் பிரியும். முதலாவது பிரியாது, நடுவில் கூட்டல் குறி இருக்கிறதே, மெய்யெண்களை வைத்து அதை ஒன்றும் செய்ய முடியாது.

எண்களிலும் இதே கதைதான்: 103 × 97 என்பது 100² − 3², அதாவது 9991. 2025² − 2024² கேட்டால் வித்தியாசம் 1, ஆகவே கூட்டினால் போதும், 4049.