எண்பத்தெட்டாம் வருடத்துக் கூறை

வணக்கம் ஐயா,

மகளோடு ஹாஜி லேன் போயிருந்தேன். ஒரு கடையில் யாரோ உடுத்திக் கழித்த சட்டைகளுக்கெல்லாம் 'விண்டேஜ்' என்று அட்டை கட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என் 1988 கல்யாணக் கூறையை எடுத்துவைத்துக்கொண்டு, "இதுவும் விண்டேஜ்தாம்மா" என்கிறாள். அது ஒயினுக்குச் சொல்கிற சொல் இல்லையா? தமிழில் என்ன சொல்வது?

வாசகி, ஈசூன்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒயினுக்குரிய சொல்தான். ஆனால் 'பழசு' என்ற பொருள் அதன் பிறப்பில் கிடையாது. லத்தீனில் 'வீனும்' ஒயின், 'தேமெரே' பறித்தெடுப்பது. இரண்டும் கூடி 'விந்தேமியா', அதாவது திராட்சை அறுவடை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனபோது, ஒயின் வணிகரைக் குறிக்கும் 'விண்ட்னர்' என்ற சொல்லின் சாயல் ஒட்டிக்கொண்டு 'விண்டேஜ்' ஆனது.

அறுவடையைக் குறித்தது பிறகு அறுவடை ஆண்டைக் குறித்தது. புட்டியில் அச்சிட்டிருக்கும் ஆண்டு பழம் பறித்த ஆண்டு, அடைத்த ஆண்டல்ல. ஷாம்பெயினில் பெரும்பாலும் பல வருடத்துச் சரக்கைக் கலப்பார்கள், ஆண்டு போடமாட்டார்கள். பழம் தரத்தில் அருமையாக வாய்த்தால் மட்டும் அந்த ஒரு வருடத்துப் பழத்தில் செய்து, ஆண்டையும் பொறிப்பார்கள். 'விண்டேஜ்' என்ற பெயரடைக்கு மவுசு வந்தது இப்படித்தான். கார்க்காரர்களும் எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் 1934இல் தொடங்கிய சங்கம் ஒன்றுக்கு 1930 வரை செய்த வண்டிகள்தான் விண்டேஜ். சங்கம் பிறந்தபோது அவற்றில் சில கிழடே அல்ல!

தமிழுக்கு வருவோம். புறநானூற்றின் 392ஆம் பாட்டில் ஔவையார் 'தேட்கடுப்பன்ன நாட்படு தேறல்' என்கிறார். தேள் கொட்டியதுபோல் சுரீரென்று ஏறும், நாள்பட்ட கள்தெளிவு. 'நாட்படு' அங்கே பாராட்டு. போன வாரம் பலதுறை மருந்தகத்தில் தாதி என் கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தைத் திணித்தார்: 'நாட்பட்ட நோய்கள்'. சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கொழுப்பு. கள்ளுக்கு இருந்த பெருமையைச் சர்க்கரை வியாதி தட்டிக்கொண்டு போய்விட்டது. இனி யாருடைய சேலையையும் நாட்பட்ட சேலை என்று சொல்லிவிட முடியாது, சண்டைக்கு வருவார்கள்.

'தொன்மை'யும் வேண்டாம், கோயில் தூணுக்கு ஆகும். 'எண்பத்தெட்டாம் வருடத்துக் கூறை' என்றே சொல்லுங்கள். ஆண்டைச் சொல்வதுதான் அந்த ஆங்கிலச் சொல்லின் வேலையும்.

கூறையை அலமாரியில் திரும்ப வைக்கும்போது மடிப்பை மாற்றிவையுங்கள். பழைய பட்டு மடித்த இடத்தில்தான் முதலில் விட்டுப்போகும்.