17 என்ற எண்ணை நம்பி மனு எழுதாதீர்கள்

கேள்வி: எங்கள் நகராட்சியில் 40,000 பேர். போன வருடம் 680 மரணங்கள் பதிவாகியிருக்கின்றன; ஆயிரத்துக்கு 17. மாநிலத்தில் 6தானாம். சாயப்பட்டறைக் கழிவுதான் காரணம் என்று கலெக்டரிடம் மனு கொடுக்கலாமா? ஆய்வறிக்கை தயாரித்துத் தர ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார்.

பதில்: முதலில் அந்த அறுபதாயிரத்தைப் பத்திரமாக வையுங்கள். அப்புறம், உங்கள் ஊரில் ஜி.எச். இருக்கிறதா? தாலுகா முழுவதிலிருந்தும் ஆம்புலன்ஸ் வந்து நிற்கிற ஆஸ்பத்திரி என்றால் பாதி பதில் அங்கேயே இருக்கிறது.

1969ஆம் ஆண்டு பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, மரணம் எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவு. பக்கத்துக் கிராமத்துப் பெரியவர் உங்கள் ஊர் ஜி.எச்.சில் கண்ணை மூடினால் அவரும் உங்கள் 680இல் ஒருவர். ஆனால் நீங்கள் வகுப்பது உங்கள் ஊர் ஜனத்தொகையால். அதே கணக்கை அவருடைய கிராமத்துக்குப் போட்டால், அங்கே யாரும் சாவதே இல்லை என்றுகூட வரலாம்!

மரண அறிக்கைப் படிவத்தில் இறந்தவர் வசித்த ஊரையும் கேட்கிறார்கள். அதை வைத்து வெளியூர்க்காரர்களைக் கழியுங்கள். மதுரைக்கோ கோவைக்கோ சிகிச்சைக்குப் போய் அங்கே இறந்த உங்கள் ஊர்க்காரர்களைச் சேருங்கள். கழிக்க எல்லோரும் தயார், சேர்க்கத்தான் மறந்துவிடுவார்கள். ஊர்வாரி எண்ணிக்கையைக் கேட்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட 10 ரூபாய்தான் கட்டணம்.

ஆஸ்பத்திரி வாசலில் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று நிற்கும் புரோக்கர்களிடம் எச்சரிக்கை. அலைச்சல் மிச்சம் என்று உள்ளூர்த் தெரு ஒன்றை முகவரியாக எழுதிவிடுவார்கள். குடும்பத்துக்கும் சிக்கல், உங்கள் கணக்கும் கெடும். 21 நாளுக்குள் தகவல் கொடுத்தால் பதிவுக்குக் கட்டணமே கிடையாது.

அந்த 40,000 எந்த வருடக் கணக்கு? 2011ஆக இருந்தால் தூக்கிப் போடுங்கள். 2021இல் எடுத்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தள்ளிக்கொண்டே போனார்களே, நாங்கள் எதால்தான் வகுப்பது?

சரி, 40,000 என்றே வைத்துக்கொள்வோம். 2020 மாதிரிப் பதிவுக் கணக்கில் (சில இடங்களை மட்டும் மாதிரியாக எடுத்து அரசு போடும் பிறப்பு, இறப்புக் கணக்கு இது) தமிழ்நாட்டின் மரண விகிதம் ஆயிரத்துக்கு 6.1. அப்படியானால் உங்கள் ஊருக்கு 244 மரணம். ஒரு வருடம் 215, மறுவருடம் 275 என்று ஏறி இறங்குவது சாதாரணம். அதனால் மூன்று வருடத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கு: முதியோர் இல்லம். அங்கே இருப்பவர்கள் வெளியூரிலிருந்து வந்தவர்கள்தான், ஆனால் இப்போது வசிப்பது உங்கள் ஊரில். அவர்களைக் கழிக்கக் கூடாது. கழிக்காவிட்டால் விகிதம் எகிறும். அதற்காக இல்லத்தையும் குற்றம் சொல்ல முடியாது, சாயப்பட்டறையையும் சொல்ல முடியாது. எண்பது வயதுக்காரர்கள் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள், அவ்வளவுதான். பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் சென்னைக்கும் போய், பெற்றோர் மட்டும் மிஞ்சிய ஊரும் இப்படித்தான். ஆகவே வயதுவாரியாகப் பிரியுங்கள். அறுபதுக்குக் கீழே அக்கம்பக்கத்து ஊர்களைவிட அதிக விகிதத்தில் இறக்கிறார்களென்றால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

மரணக் காரணப் பத்தியை நம்பி இறங்காதீர்கள். ‘இதயமும் மூச்சும் நின்றது’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். யாருக்குத்தான் அது நிற்காமல் உயிர் போகிறது?

சாயக் கழிவு பற்றித் தாராளமாக மனு கொடுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்து, அந்த முடிவை இணையுங்கள். சாவுக் கணக்கை இழுத்தால் பட்டறைக்காரரின் வக்கீல் முதலில் கேட்கப் போவது ஜி.எச்.சைப் பற்றித்தான்.