பத்தில் எட்டு மதிப்பெண்

கேள்வி: சிறந்த தொழில்முனைவோருக்குரிய பத்துப் பண்புகள் என்று ஒரு பயிற்சி வகுப்பில் பட்டியல் கொடுத்தார்கள். துணிச்சல், தன்னம்பிக்கை, தலைமைப் பண்பு என எட்டு என்னிடம் இருக்கின்றன. பொறுமையும் கணக்கு பார்க்கும் பழக்கமும்தான் இல்லை. கணக்குக்கு ஆள் வைத்துக்கொள்வேன். தொழிலில் தொழில்முனைவோரின் பங்கு உண்மையில் என்ன? வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா? (ஒரு வாசகர்)

பதில்: இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்ட அந்த இரண்டும்தான் தொழிலை அன்றாடம் நடத்துபவை என்பதால், உங்கள் எட்டு மதிப்பெண்ணுக்கு வாழ்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் பங்கு என்ன என்று பார்ப்போம். பண்பு அதிலிருந்து தானே வரும்.

ஒரு தொழிலில் சம்பந்தப்பட்ட மற்ற எல்லோருடைய வருமானமும் முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டுவிடுகிறது. தொழிலாளிக்குக் கூலி, கடன் கொடுத்தவருக்கு வட்டி, கட்டட உரிமையாளருக்கு வாடகை, சரக்கு போட்டவருக்கு விலை என்று இவ்வளவும் பட்டுவாடா ஆன பிறகு மிஞ்சுவது எதுவோ அதுவே தொழில்முனைவோருக்கு. துண்டு விழுந்தால் அதுவும் அவர் தலையில்தான். தெரிந்த விலைக்கு வாங்கித் தெரியாத விலைக்கு விற்பவர் என்று அவரை முதன்முதலில் தெளிவாக அடையாளம் காட்டியவர் ரிச்சர்ட் கான்டில்லான் என்ற பொருளியலாளர். அவர் இறந்து இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பின், 1755-இல், அதைச் சொல்லும் அவருடைய நூல் அச்சேறியது. ஆனால் நிச்சயமின்மையைச் சுமப்பது மட்டுமே வேலை என்றால் குலுக்கல் சீட்டு வாங்குபவரும் தொழில்முனைவோர் ஆகிவிடுவார். சுமப்பதோடு நில்லாமல், அந்த நிச்சயமின்மையை அளந்து, குறைத்து, எந்தப் பகுதியை யார் தாங்க முடியுமோ அவரிடம் பிரித்துக் கொடுப்பதுதான் அவருடைய உண்மையான வேலை.

நீராவி இயந்திரம் என்றதும் எல்லோரும் ஜேம்ஸ் வாட்டைச் சொல்வார்கள். நீராவியைத் தனிக் கலத்தில் குளிர்விக்கும் யோசனை அவருக்கு 1765-இல் தோன்றியது. காப்புரிமை 1769-இல் கிடைத்தது. ஆனாலும் விற்பனைக்கு ஓர் இயந்திரம் வரவில்லை. பேரம் பேசுவதைவிடப் பீரங்கிக்கு முன்னால் நிற்பது மேல் என்று நினைத்த மனிதர் அவர். காப்புரிமையில் மூன்றில் இரண்டு பங்கு வைத்திருந்த ஜான் ரோபக் என்ற முதலீட்டாளர் 1773-இல் நொடித்துப்போனார். அவருக்குக் கடன் கொடுத்திருந்த மற்றவர்கள் அந்தப் பங்கை ஒரு காசுக்கும் மதிக்கவில்லை. பர்மிங்ஹாமில் உலோகப் பொருள் தயாரித்துவந்த மாத்யூ போல்ட்டன் மட்டும் தமக்கு வரவேண்டிய 1,200 பவுண்டுக்கு ஈடாக அதை வாங்கிக்கொண்டார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே, இங்கிலாந்தின் மூன்று கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்றவை) மட்டும் இயந்திரம் செய்யும் உரிமையை ரோபக் தர முன்வந்தபோது, மூன்று கவுண்டிகளுக்காகச் செய்வது எனக்குக் கட்டுபடியாகாது, உலகம் முழுவதற்கும் செய்வதென்றால் கட்டுபடியாகும் என்று வாட்டுக்கு எழுதியவர் அவர். ஆக, கண்டுபிடித்தவர் ஒருவர், பணம் போட்டவர் ஒருவர், தொழில்முனைவோர் மூன்றாமவர்.

போல்ட்டன் செய்ததைக் கிட்டத்தில் நின்று பாருங்கள். காப்புரிமையில் எட்டு ஆண்டுகளே பாக்கி; போடும் பணம் அதற்குள் திரும்பாது என்று கணக்கிட்டு, 1775-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மூலம் அதை 1800 வரை நீட்டிக்கச் செய்த பிறகே அவரும் வாட்டும் முழுமூச்சாக இறங்கினார்கள். அடுத்தது வாங்குபவரின் அச்சம். சொன்னபடி இயந்திரம் நிலக்கரியை மிச்சப்படுத்தாவிட்டால் என்ன செய்வது என்று தயங்கிய சுரங்க உரிமையாளர்களிடம், பாகங்களுக்கும் நிறுவும் செலவுக்கும் மட்டும் பணம் கொடுங்கள், பழைய இயந்திரத்தோடு ஒப்பிட்டு மிச்சமாகும் நிலக்கரியின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை ஆண்டுதோறும் எங்களுக்குத் தாருங்கள் என்றார்கள். மிச்சம் இல்லையென்றால் உரிமைத்தொகையும் இல்லை. அதை வாய்க்கணக்கில் விடாமல், இயந்திரம் எத்தனை முறை இயங்கியது என்று எண்ணும் கருவி ஒன்றைப் பூட்டிய பெட்டிக்குள் வைத்துப் பொருத்தினார்கள். உங்களிடம் இல்லாத பொறுமையும் கணக்கும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தன. (போல்ட்டனும் அகலக்கால் வைத்துக் கடனில் தத்தளித்தவர்தான், அவரை உத்தமர் ஆக்க நான் முயலவில்லை.)

துணிச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. முளையில் வளையம் எறியும் விளையாட்டை உளவியலாளர் டேவிட் மெக்கிலெல்லண்ட் ஆராய்ந்திருக்கிறார். எவ்வளவு தள்ளி நிற்பது என்பது எறிபவர் விருப்பம். சாதிக்கும் உந்துதல் மிகுந்தவர்கள் குறி தவற முடியாத கிட்டத்திலும் நிற்கவில்லை, அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டிய தொலைவிலும் நிற்கவில்லை. தங்கள் திறமையால் விழக்கூடிய இடைத்தூரத்தைத் தேர்ந்தார்கள். பயிற்சி வகுப்புகளில் துணிச்சல் என்று கைதட்டு வாங்குவது பெரும்பாலும் தொலைவில் நின்று எறிவதைத்தான்.

கணக்கு எழுத ஆள் வைக்கலாம். கையிருப்பு எத்தனை நாளுக்குத் தாங்கும், எந்தப் பாக்கி வசூலாகாது, எந்தச் சரக்கில் பணம் முடங்கிக் கிடக்கிறது என்று பார்த்து முடிவெடுப்பதற்குச் சம்பளத்துக்கு ஆள் வைத்தால், தொழில்முனைவோர் அவர், நீங்கள் அல்லர். தலைமைப் பண்பு உங்களிடம் இருப்பதை உங்களிடம் வேலை செய்தவர்கள் சொல்லட்டும், நாம் விட்டுவிடுவோம்.

எட்டுப் பண்புகளையும் விரிவாக எழுதியிருக்கும் உங்கள் கடிதத்தின் முழு வடிவத்தில், என்ன விற்கப்போகிறீர்கள் என்பது ஒரு வரியில்கூட இல்லை. வாங்கப்போகிறவர் யார், அவர் இப்போது எதை வைத்துச் சமாளிக்கிறார், விற்ற பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆகும், அதுவரை கூலியும் வாடகையும் எங்கிருந்து வரும் என்ற நான்குக்கும் விடை எழுதி அனுப்புங்கள். வேலையை விடலாமா என்ற கேள்விக்கு அதன் பிறகு பதில் சொல்கிறேன்.