மேலாளரிடம் எந்தக் கொரியன் பேசுவது?

கேள்வி: ஒரகடத்தில் ஒரு கொரிய உதிரிபாக நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கொரியத் தொடர்கள் பார்த்தும் செல்போன் ஆப் வழியாகவும் நான்கு மாதமாகக் கொரியன் கற்கிறேன். போன வாரம் எங்கள் கொரிய மேலாளரிடம் "தாங்ஷின் பாப் மொகொஸ்ஸொ?" (நீங்கள் சாப்பிட்டீர்களா?) என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. கொரியனில் ஆறேழு மரியாதை நிலைகள் உண்டாமே, அத்தனையும் படிக்க வேண்டுமா? ஒரு பயிற்சி மையத்தில் மூன்று மாதத்தில் கற்றுக்கொடுத்து, கொரியாவில் வேலையும் வாங்கித் தருவதாக 85,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன், முதலில் அந்த முகத்தைப் பார்ப்போம்.

உங்கள் வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லை. அதைச் சொல்லும் உரிமை அவர் மனைவிக்கு உண்டு, உங்களுக்கு இல்லை, அவ்வளவுதான். 'தாங்ஷின்' என்றால் அகராதியில் 'நீங்கள்' என்றே போட்டிருக்கும். நேர்ப்பேச்சில் அதைக் கணவன் மனைவி சொல்வார்கள், அல்லது நடுரோட்டில் வண்டியை இடித்துக்கொண்டு சண்டைக்கு நிற்பவர்கள் சொல்வார்கள். மேலதிகாரியிடம் 'நீங்கள்' என்ற சொல்லே வேண்டாம். பதவியைச் சொல்லி 'நிம்' சேர்த்தால் போதும்: தேரிநிம், க்வாஜாங்நிம், ச்சாஜாங்நிம், புஜாங்நிம் (உதவி மேலாளரிலிருந்து துறைத் தலைவர் வரை). உங்கள் ஷாப்பிலேயே தினம் காதில் விழும் சொற்கள்தானே. குடும்பப் பெயர் தெரிந்தால் முன்னால் வையுங்கள்: கிம் புஜாங்நிம். 'கிம் ஷி' என்று மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். 'ஷி' என்பது 'திரு' மாதிரி தோன்றும். வெறும் குடும்பப் பெயரோடு ஒட்டினால் கீழே வேலை செய்கிற ஆளை அழைக்கும் தொனி வந்துவிடும்.

ஆறேழு நிலைகள் இலக்கணப் புத்தகத்தில் உண்டு. உங்களுக்கு இரண்டு போதும்: 'யோ'வில் முடிவது, '-ம்னிதா'வில் முடிவது. அன்றாடப் பேச்சுக்கு முதலாவது. மீட்டிங்கில் எழுந்து நின்று ரிப்போர்ட் சொல்லும்போது இரண்டாவது. மற்றவற்றை யாராவது உங்களிடம் பேசும்போது புரிந்துகொண்டால் சரி.

இங்கேதான் ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். ஆங்கிலம் வழியாகக் கொரியன் படிக்கிறவர்கள் இதில் மாதக்கணக்கில் தடுமாறுகிறார்கள், நமக்கு ஐந்து நிமிட வேலை. "மேனேஜர் வந்துட்டாருங்க" என்று கோவைப் பக்கம் சொல்வார்கள் இல்லையா? அதில் 'ஆரு' மேனேஜருக்குக் கொடுக்கிற மரியாதை. 'ங்க' எதிரில் நின்று கேட்கிறவருக்குக் கொடுக்கிற மரியாதை. கொரியனில் இது "புஜாங்நிம் ஓஷ்யொஸ்ஸொயோ." நடுவில் 'ஷ்யொ' என்று கரைந்திருக்கும் 'ஷி' (பெயரோடு ஒட்டும் 'ஷி' வேறு, இது வேறு) நம் 'ஆரு', கடைசி 'யோ' நம் 'ங்க'. "நான் வந்துட்டேங்க" என்பதற்கு "வாஸ்ஸொயோ" மட்டும்தான், 'ஷி' வராது. "நான் வந்துட்டார்" என்று தமிழில் யாரும் சொல்ல மாட்டோம். கொரியனில் மட்டும், மரியாதை கூடட்டும் என்று தனக்கே 'ஷி' போட்டுக்கொள்கிறார்கள் நம் பிள்ளைகள்! ஆக, நீங்கள் கேட்க வேண்டியிருந்தது இது: "புஜாங்நிம், ஷிக்ஸா ஹாஷ்யொஸ்ஸொயோ?" பெரியவர்களிடம் 'பாப்' என்ற சொல்லும் 'ஷிக்ஸா' என்று மாறும், கவனியுங்கள்.

மற்ற இலக்கணம் பயமுறுத்தாது. "சொனுன் ஆச்சிமே பாபுல் மொகொஸ்ஸொயோ" என்பதைச் சொல்லுக்குச் சொல் 'நான் காலையில் சோற்றைச் சாப்பிட்டேன்' என்று அதே வரிசையில் வைத்துவிடலாம். வேற்றுமை உருபு பின்னால் ஒட்டும், வினை கடைசியில் வரும். '-ஏன்', '-ஆன்', '-ஆள்' என்று ஆளுக்கு ஆள் வினைமுற்று மாறுகிற தொல்லையும் அங்கே கிடையாது. எண்கள் இரண்டு வகை, மணிக்கு ஒன்று நிமிடத்துக்கு ஒன்று. அதைத் திட்டிக்கொண்டே மனப்பாடம் செய்ய வேண்டியதுதான்.

எழுத்தைத் தள்ளிப்போடாதீர்கள். மன்னர் செஜோங் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்ட ஹாங்குல், அடிப்படையில் 24 எழுத்துகள்தான், ஒரு வாரம் போதும். நம் 'க' சொல்லின் முதலில் ஒரு மாதிரியும் நடுவில் ஒரு மாதிரியும் ஒலிப்பது போலவே அவர்கள் எழுத்தும் ஒலிக்கும். 'பாட்டு', 'அது' என்று சொல்லும்போது கடைசி உகரத்தில் நாம் உதட்டைக் குவிப்பதில்லை. அப்படிக் குவியாத ஒலிக்கு அவர்களிடம் தனி உயிரெழுத்தே இருக்கிறது. நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதிக் காட்டுவது அடையாளத்துக்குத்தான். 'மொகொஸ்ஸொ'வில் வரும் ஒகரம் உண்மையில் ஒகரம் அல்ல, உதட்டைக் குவிக்காத வேறு ஒலி. தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ குறிப்பெடுத்துப் படித்தவர்களின் உச்சரிப்பைப் பிறகு திருத்துவது பெரும்பாடு.

இந்த ஒற்றுமையை வைத்து வியாபாரம் செய்கிற வீடியோக்களை நம்பாதீர்கள். "தமிழும் கொரியனும் அக்கா தங்கை, 30 நாளில் பேசலாம்" என்பார்கள். அமெரிக்கரான ஹோமர் ஹல்பர்ட் 1905இலேயே கொரியனையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு எழுதினார். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை மொழியியலாளர்கள் இன்றுவரை ஏற்கவில்லை. வாக்கிய அமைப்பு ஒத்துப்போவது உங்களுக்கு லாபம், அதை எடுத்துக்கொள்ளுங்கள். 'அப்பா' மாதிரி ஓரிரு சொற்களைத் தவிர வேறு எதுவும் இலவசமாகக் கிடைக்காது.

தொடர்கள் பாருங்கள், காது பழகும். ஆனால் அங்கே பாதி வசனம் காதலர்களும் நண்பர்களும் பேசுகிற 'யோ' இல்லாத பேச்சு. 'ஓப்பா' பெண்கள் அண்ணனையும் காதலனையும் கூப்பிடும் சொல், தொழிற்சாலைக்குள் அதைக் கொண்டுவராதீர்கள். வயதைக் கேட்டால் கோபப்படாதீர்கள். எந்த நிலையில் பேசுவது என்று முடிவு செய்யத்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் பழைய கொரிய வயதுக் கணக்கு 2023 ஜூனில் சட்டப்படி போய்விட்டது என்றாலும் பேச்சில் இன்னும் இருக்கிறது. எதையும் இரண்டு கையால் கொடுங்கள், வாங்குங்கள். இவ்வளவு போதும், மீதியைப் பார்த்தே கற்றுக்கொள்வீர்கள்.

இனி அந்த 85,000. "கொரியாவில் வேலை" என்று அவர்கள் காட்டுவது அநேகமாக இ.பி.எஸ். திட்டமாக இருக்கும். கொரிய அரசு 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டம் அது, ஒப்பந்தம் செய்த நாடுகளிலிருந்து மட்டும் ஆள் எடுப்பார்கள். இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு இ.பி.எஸ். டாப்பிக் (அந்தத் திட்டத்துக்கான கொரிய மொழித் தேர்வு) பயிற்சி கொடுப்பது, எழுதவே முடியாத பரீட்சைக்கு ட்யூஷன் எடுப்பது. இலங்கை அந்தப் பட்டியலில் இருக்கிறது. இதை வாசிக்கும் இலங்கைத் தமிழர்கள் நான் சொன்னதைத் தங்களுக்கும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டாம்: இலங்கைக் குடியுரிமை இருந்து, வயது 18 முதல் 39க்குள் இருந்தால், அங்குள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் வழியாக எழுதலாம். அங்கும் இது அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஏற்பாடு. முகவருக்கு இடமே இல்லை, பாடநூலும் இணையத்தில் இலவசம். தேர்ச்சி பெற்றாலும் கொரிய முதலாளி பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால்தான் விமானம். பணம் கொடுத்தால் பெயர் மேலே ஏறும் என்று எவராவது சொன்னால் அது பொய்.

இந்தியர்கள் கொரியாவுக்குப் படிப்பு விசாவிலோ, திறன் பணியாளர் விசாவிலோ போகலாம். இரண்டாவதற்கு அங்குள்ள நிறுவனமே உங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கிறவர் நம் வெளியுறவுத் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். பதிவு எண்ணைக் கேளுங்கள், இ-மைக்ரேட் என்ற அரசுத் தளத்தில் சரிபாருங்கள்.

சான்றிதழ் வேண்டுமென்றால் எல்லா நாட்டவருக்கும் பொதுவான டாப்பிக் என்ற கொரிய மொழித் தேர்வு இருக்கிறது. ஆரம்பநிலைத் தாளில் கேட்டல், வாசித்தல் மட்டும். 200க்கு 80 வாங்கினால் முதல் நிலை, 140 வாங்கினால் இரண்டாம் நிலை. பேச்சுத் தேர்வு தனி. அதனால் வாயைத் திறக்காமலே 'லெவல் 2' ஆகிவிடலாம், பயிற்சி மையங்கள் அதைத்தான் விற்கின்றன. நிறுவனங்களும் 'லெவல் 3 கட்டாயம்' என்று விளம்பரம் போட்டுவிட்டு, வந்தவருக்கு மேலாளரிடம் ஒரு வாக்கியம் பேச வரவில்லை என்று புலம்புகின்றன. போதாக்குறைக்குச் சான்றிதழ் இரண்டே ஆண்டுகளில் காலாவதி. திரும்ப எழுது, திரும்பக் கட்டணம் கட்டு! எனவே விண்ணப்பிக்கும் வேலை எதுவும் முடிவாகாத வரை தேர்வுக்கு அவசரப்படாதீர்கள். பழைய வினாத்தாள்கள் தேர்வுத் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும், அவற்றை வீட்டில் எழுதிப் பாருங்கள். வகுப்பு தேவைப்பட்டால் சென்னையில் உள்ள இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான இன்கோவில் விசாரியுங்கள், கொரிய மொழி கற்பிக்கும் செஜோங் நிறுவனத்தின் இணைய வகுப்புகளையும் பாருங்கள்.

அந்த மையத்தில் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால் ரசீதையும் வேலை வாங்கித் தருவதாக அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள். அசல் பாஸ்போர்ட்டைக் கொடுத்திருந்தால் பணத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் அதைக் கையில் வாங்கிவிடுங்கள்.