பிள்ளைக்கும் புழு, நாய்க்குட்டிக்கும் புழு: யாரிடமிருந்து யாருக்கு?

கேள்வி: மூன்று வாரத்துக்கு முன் ஒரு லேப்ரடார் குட்டி வாங்கினோம். "45 நாள் குட்டி, பூச்சி மருந்தெல்லாம் கொடுத்தாச்சு" என்று சொல்லி விற்றவர் கார்டும் தந்தார். இப்போது குட்டி நூடுல்ஸ் மாதிரி புழுக்களை வாந்தி எடுக்கிறது. என் ஐந்து வயது மகன் ராத்திரியில் ஆசனவாயைச் சொறிகிறான். வெள்ளையாகச் சின்னப் புழுவைப் பார்த்தேன். நாயால்தான் வந்தது, குட்டியைக் கொடுத்துவிடு என்கிறார் மாமியார். மகனுக்கு வாங்கிய மாத்திரையில் பாதியை நாய்க்குக் கொடுக்கலாமா?

பதில்: குட்டியைக் கொடுத்துவிட வேண்டாம். மாத்திரையைப் பங்கு போடவும் வேண்டாம். உங்கள் மகனுக்கு இருப்பது பெரும்பாலும் கீரிப்பூச்சி. அது மனிதக் குடலில் மட்டும் வாழ்கிற புழு. நாய்க்கு வருவதுமில்லை, நாயிடமிருந்து வருவதுமில்லை. பள்ளியில், பக்கத்து வீட்டில், கூட விளையாடும் பிள்ளைகளிடமிருந்து வந்திருக்கும். இனிப்பு தின்றதாலும் வராது.

பெண் கீரிப்பூச்சி ராத்திரியில் வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பிள்ளை சொறிவான்; முட்டை நக இடுக்கில் ஏறி வாய்க்குப் போகும். சில மணி நேரத்திலேயே அந்த முட்டைகள் தொற்றத் தயாராகிவிடும். குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல் புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் இரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு வழக்கமான 400 மி.கி. மாத்திரையைச் சப்பித் தின்னக் கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் கொடுக்க வேண்டும். மகனுக்கு மட்டும் கொடுத்தால் வீணாகும். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி அரசு தருகிற குடற்புழு மாத்திரை மண் வழியாகப் பரவும் புழுக்களை மனதில் வைத்துத் தருவது. அந்த ஒரு மாத்திரையோடு கீரிப்பூச்சி போய்விடும் என்று நம்பிப் பல பெற்றோர் ஏமாறுகிறார்கள். மாத்திரை சாப்பிட்ட மறுநாள் காலையில் குளிப்பாட்டி, ஜட்டி, படுக்கை விரிப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள்.

குட்டி வாந்தி எடுப்பது நாயின் உருண்டைப்புழு. தாயின் வயிற்றில் இருக்கும்போதே தொப்புள் வழியாகக் குட்டிக்குள் வந்துவிடும். கொக்கிப்புழு தாய்ப்பாலில் வரும். ஆகையால் எவ்வளவு சுத்தமான இடத்தில் பிறந்த குட்டிக்கும் புழு உண்டு. பிறந்த இரண்டாவது வாரம் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எட்டாவது வாரம் வரை மருந்து போயிருக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒரு முறை. உங்கள் குட்டிக்கு ஆரம்பத் தவணைகள் போனதாகத் தெரியவில்லை. அதனால் இப்போது ஒன்று, இரண்டு வாரம் கழித்து ஒன்று, அதற்குப் பிறகு மாதக் கணக்கு. மருந்து குடலில் இருக்கிற புழுவைத்தான் கொல்லும். உடம்பில் சுற்றிக்கொண்டிருக்கும் இளம்புழுக்கள் பிறகுதான் குடலுக்கு வந்து சேரும். மறு தவணையைத் தவறவிடக் கூடாது என்பது இதனால்தான்.

முதலில் எடை. குட்டியைத் தூக்கிக்கொண்டு எடைமேடையில் நில்லுங்கள், பிறகு தனியாக நில்லுங்கள், கழித்துப் பாருங்கள். பைரான்டெல், ஃபெபான்டெல் என்ற புழு மருந்துகள் சேர்ந்த, நாய்க்குட்டிகளுக்கான சிரப் பொதுவாகக் கிலோவுக்கு 1 மி.லி.; பாட்டிலில் போட்டிருக்கும் அளவைச் சரிபாருங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாக மெதுவாக விடுங்கள். அண்ணாந்து பிடித்து ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

மகனின் அல்பெண்டசோலை நாய்க்குத் தராதீர்கள். நாய்களுக்கு அது எலும்பு மஜ்ஜையைப் பாதிக்கக்கூடியது. பாதுகாப்பான மருந்து இருக்கும்போது எதற்கு அந்த ஆபத்து?

இனி அந்தக் கார்டு. "டிவார்மிங் டன்" என்று ஒரு முத்திரை மட்டும் இருந்தால் அது வெறும் காகிதம். மருந்தின் பெயர், தேதி, அன்றைக்குக் குட்டியின் எடை, கால்நடை மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். புரோக்கர்கள் கார்டைக் கட்டுக் கட்டாக அடித்து வைத்திருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. 45 நாள் என்று சொல்லி விற்றதே விதிமீறல். விதி போட்டவர்கள் சந்தையில் வந்து பார்ப்பதில்லை, புரோக்கருக்கும் அது தெரியும்.

இதைவிட மோசம், "ஒரே ஊசி, எல்லாப் பூச்சியும் போய்விடும்" என்று மாட்டுக்கான ஐவர்மெக்டினைக் குட்டிக்குப் போடுவது. அந்த மருந்து மி.லி.க்கு 10 மி.கி.; 50 கிலோ எடைக்கு 1 மி.லி. என்பது மாட்டின் கணக்கு. 3 கிலோ குட்டிக்கு அதே கணக்கில் 0.06 மி.லி. வரும். கண்ணளவில் கால் மி.லி. போட்டால் நான்கு மடங்கு. தள்ளாட்டம், எச்சில் ஒழுகுதல், கண்மணி விரிதல், பிறகு மயக்கம். கோலி வகை நாய்களில் இந்த மருந்து மூளைக்குள் தடையின்றி நுழைந்துவிடும். ஊசி போட வருகிறவர் கால்நடை மருத்துவர்தானா என்று கேட்க வெட்கப்படாதீர்கள்.

நாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே புழு வருகிற ஒரு சங்கதி உண்டு. அதைத்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அது நாடாப்புழு. அதன் முட்டையைத் தெள்ளுப்பூச்சியின் குஞ்சு தின்னும். அந்தத் தெள்ளுப்பூச்சியை நாய் கடித்து விழுங்கும். குட்டியோடு புரளும் பிள்ளையின் வாய்க்குள்ளும் போகும். பிறகு இருவர் மலத்திலும் வெள்ளைத் துணுக்குகள் வரும். வெள்ளையாகப் புழு என்றதும் கீரிப்பூச்சி என்று முடிவுகட்டி அல்பெண்டசோல் கொடுப்பார்கள், நிற்காது. மறுபடி கொடுப்பார்கள், அப்போதும் நிற்காது. இதற்குப் பிரசிகுவான்டெல் என்ற வேறு மருந்து வேண்டும். நாய்க்குட்டிகளுக்கான சிரப்பிலும் பெரும்பாலும் அது இல்லை, லேபிளைப் படியுங்கள். நாய்க்கு அது சேர்ந்த மாத்திரை 10 கிலோவுக்கு ஒன்று என்ற கணக்கில் கிடைக்கிறது.

அடையாளம் காண்பது எளிது. கீரிப்பூச்சி நூல் மாதிரி, ஒரு சென்டிமீட்டர், ஒரு முனை கூர்மை, ராத்திரியில் ஆசனவாயில் தெரியும். நாடாப்புழுத் துணுக்கு தட்டையானது, வெள்ளரி விதை மாதிரி, சுருங்கி நீளும். காய்ந்தால் அரிசிக் குருணை. சந்தேகமாக இருந்தால் துணுக்கைச் சின்ன பாட்டிலில் போட்டு எடுத்துப் போங்கள். கீரிப்பூச்சிக்கு, காலையில் கழுவுவதற்கு முன் செல்லோடேப்பை ஆசனவாயில் ஒட்டி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிக் கொடுத்தால் போதும். தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் நாடாப்புழு மருந்து மட்டும் கொடுத்தால் சில வாரத்தில் திரும்பிவிடும். நாய் படுக்கும் துணியை வெந்நீரில் துவையுங்கள், மூலை இடுக்குகளைத் தினமும் பெருக்குங்கள், குட்டிக்குத் தெள்ளு மருந்தை எடை பார்த்துப் போடச் சொல்லுங்கள். உண்ணிக்குப் போட்ட மருந்தே தெள்ளுக்கும் கேட்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நாயின் உருண்டைப்புழு பிள்ளையின் மலத்தில் வராது. முட்டை வயிற்றுக்குள் போனால் இளம்புழு ஈரல், நுரையீரல், சில சமயம் கண் வரை அலையும். விடாத காய்ச்சல், இருமல், ஒரு கண்ணில் பார்வை மங்கல் வந்தால், வீட்டில் குட்டி இருப்பதை நீங்களாகவே மருத்துவரிடம் சொல்லுங்கள். குழந்தை மருத்துவர் "நாய் உண்டா" என்று கேட்பதில்லை, கால்நடை மருத்துவர் "சின்னப் பிள்ளை உண்டா" என்று கேட்பதில்லை. ஒரு நுண்ணோக்கியும் உப்புக்கரைசலும் போதும், நாய் மலத்தைப் பரிசோதித்துவிடலாம், அதுகூட நடப்பதில்லை.

நல்ல செய்தி ஒன்று: நாயின் உருண்டைப்புழு முட்டை மண்ணில் குறைந்தது இரண்டு வாரம் கிடந்தால்தான் தொற்றும். தினமும் மலத்தை அள்ளிவிட்டாலே வழி அடைபடும். பினாயிலும் ப்ளீச்சிங் பவுடரும் முட்டையைக் கொல்லாது, கொதிநீர் கொல்லும். வாசலில் கட்டட மணல் குவிந்திருந்தால் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், தெருநாயும் பூனையும் கழிக்கும் இடம் அதுதான். கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலில் துளைத்து ஏறும். செருப்பில்லாமல் மகனை அங்கே விடாதீர்கள்.

குட்டியின் ஈறை இன்றே தூக்கிப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, மலம் தார் மாதிரிக் கறுத்திருந்தாலோ சிரப்போடு நிறுத்தாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள். கொக்கிப்புழு ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.