ஏடிபி உடைந்தால் ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

பிணைப்பை உடைக்க ஆற்றல் செலவாகும் என்கிறது வேதியியல். செல்கள் ஆற்றலுக்குப் பயன்படுத்தும் மூலக்கூறான ஏடிபி-யின் (ATP) பாஸ்பேட் பிணைப்பு உடைந்தால் ஆற்றல் கிடைக்கும் என்கிறது உயிரியல். எதை நம்புவது என்று கேட்டிருக்கிறீர்கள். வேதியியலை நம்புங்கள். எந்தப் பிணைப்பும் உடையும்போது ஆற்றலை வாங்கத்தான் செய்யும், தராது.

பல உயிரியல் பாடங்கள் பாதியிலேயே நிறுத்திவிடுவதால்தான் இந்தக் குழப்பம். அங்கே நடப்பது வெறும் உடைவு இல்லை, நீராற்பகுப்பு, அதாவது நீரோடு வினைபுரிந்து பிரிவது. பழைய பிணைப்பு போகிற அதே வினையில் நீரோடு புதிய பிணைப்புகள் உருவாகின்றன. அதற்கும் மேல், செல்லுக்குள் ஏடிபி-யின் பாஸ்பேட் வாலில் ஏறக்குறைய 4 எதிர்மின்சுமைகள் நெருக்கியடித்துக்கொண்டு ஒன்றையொன்று தள்ளுகின்றன. கடைசி பாஸ்பேட் கழன்றதும் அந்த நெருக்கடி தளர்கிறது. பிரிந்த பாஸ்பேட்டின் மின்சுமை அதன் ஆக்சிஜன் அணுக்களிடையே பரவுகிறது, நீர் மூலக்கூறுகளும் அதை நன்றாகச் சூழ்ந்துகொள்கின்றன. ஆக, விளைபொருள்கள் ஏடிபி-யைவிட நிலையானவை. வாங்கியதுபோக மிஞ்சும் கட்டிலா ஆற்றல் (வேலை செய்யப் பயன்படும் ஆற்றல்), வேதியியலாளர்கள் ஒப்பீட்டுக்கு வைத்துக்கொள்ளும் திட்ட நிலையில் மோலுக்கு சுமார் 30.5 கிலோஜூல். உயிருள்ள செல்லில் இது 50-ஐ ஒட்டி இருக்கும். ஏடிபி-யின் அளவைச் சமநிலைக்கு வெகு மேலே செல் எப்போதும் வைத்திருப்பதே காரணம்.

தேர்வில் "ஏடிபி-யின் நீராற்பகுப்பில் ஆற்றல் வெளியாகிறது" என்று எழுதுங்கள். பிணைப்புக்குள் ஆற்றல் அடைந்து கிடப்பதாக எழுத வேண்டாம்.